மு.கு.

வினாத்தாளைக் கொடுத்து முடித்து, வராதவர் எண்ணுக்கு எதிரே சிவப்பு மையால் கோடு போட்ட பிறகுதான் எனக்கு உறைத்தது, இனி ஒரு மணி வரை என்னால் எதையும் எழுத முடியாது. கண்காணிப்பாளர் படிக்கக் கூடாது, எழுதக் கூடாது, கூடுமானவரை உட்காரவும் கூடாது என்று சுற்றறிக்கை. கைபேசியைக் கீழே தலைமைக் கண்காணிப்பாளர் அறையில் ஓர் உறையில் போட்டு, மேலே ‘இ. இசக்கியம்மாள், கணிதம், சுயநிதிப் பிரிவு’ என்று எழுதிக் கொடுத்தாகிவிட்டது. கொடுக்கும் முன் கடைசியாக ஒரு தடவை பார்த்ததுதான் தப்பு. ஞானதுரை சாரிடமிருந்து செய்தி. ஒன்பது வருடமாக என் ஆய்வுக்கு நெறியாளர். இரண்டு வரிக்கு மேல் அனுப்புகிற ஆள் இல்லை, இன்றைக்கு நான்கு வரி. வெளிநாட்டுத் தேர்வாளரின் அறிக்கை நல்லபடியாக வந்துவிட்டது. ஒரே ஒரு கேள்வி கேட்டிருக்கிறார். பக்கம் அறுபத்தொன்றில் வரும் சார்பு, எதையும் விடாமல் எட்டுகிற மேல் சார்புதானா, ஒரு வரியில் காரணம் சொன்னால் போதும். ஆமாம் என்று எழுதி இரண்டு மணிக்குள் அவருக்கு அனுப்பு, வெள்ளிக்கிழமை வாய்மொழித் தேர்வில் மாற்றமில்லை. அவ்வளவுதான். ஆமாம் என்று எழுது என்கிறார். ஆமாமா என்று அவர் என்னைக் கேட்கவில்லை. இன்று செவ்வாய். படியேறி இரண்டாம் மாடிக்கு வந்து பதினான்காம் எண் அறைக் கதவைத் திறக்கிற வரைக்கும் ஆமாம் ஆமாம் என்றுதான் மனசுக்குள் சொல்லிக்கொண்டு வந்தேன். மேல்தான், பின்னே என்ன, ஒன்றுக்கொன்று என்றால் மேல்தானே. அந்த ‘தானே’யில் ஏதோ இடறியது. சாப்பாட்டில் கல் கடிபட்டால் வருமே ஒரு சத்தம், அதுமாதிரி தலைக்குள் கேட்டது.

இருபத்தெட்டு இருக்கை, இருபத்தேழு பேர். தாவரவியல் மூன்றாம் ஆண்டு. பென்சில்களைச் சீவிச் சீவி வரிசையாக அடுக்கி வைத்திருக்கிறார்கள், பாவம், ஒரு தண்டின் குறுக்குவெட்டுத் தோற்றம் வாழ்க்கையைத் தூக்கி நிறுத்திவிடும் என்கிற மாதிரி. மின்விசிறி மூன்றில் ஒன்று சுற்றவில்லை, சுற்றாததற்குக் கீழே இருக்கிறவன் சட்டை முதுகோடு ஒட்டியிருக்கிறது. நான் நடக்கிறேன். கரும்பலகையிலிருந்து கடைசி பெஞ்சுக்கு பதினோரு எட்டு, திரும்பி வர பதினோரு எட்டு. எழுத முடியாவிட்டால் என்ன, மனசில் போட்டுப் பார்க்கலாமே. சின்னக் கணக்குதான். ஆய்வேட்டில் அந்தச் சார்புக்கு மேலும் கீழும் பொடி எண்களாகத் தொங்கிக்கொண்டு பார்க்கவே மிரட்டலாக இருக்கும், பிழிந்து எடுத்தால் இரண்டே எழுத்து. க என்று ஒன்று, ச என்று ஒன்று. ஆங்கிலத்தில் வேறு எழுத்துதான் போட்டிருக்கிறேன், எனக்குள் அவை எப்போதும் க, ச தான். ஒவ்வொன்றுக்கும் ஓர் எதிர் எழுத்து. எதிர்-க, எதிர்-ச. கவும் எதிர்-கவும் பக்கத்தில் பக்கத்தில் வந்தால் இரண்டும் மறைந்துவிடும். அதைத் தவிர வேறு எந்த விதியும் இல்லை. கச வேறு, சக வேறு. இந்த எழுத்துகளால் எத்தனை சொல் எழுத முடியுமோ அத்தனையும் சேர்ந்து ஒரு குலம், வேறு விதி எதுவும் கட்டிப்போடாததால் கட்டற்ற குலம். இளங்கலையில் முதன்முதலாக அந்தச் சொல்லைக் கேட்டபோது வகுப்பில் எல்லோரும் சிரித்தோம். குலம் என்றாலே கட்டுதானே, கட்டற்ற குலம் எங்கே இருக்கிறது, இருந்தால் சொல்லுங்கள் ஐயா, அங்கே பெண்ணெடுக்கலாம் என்று ஒருவன் பின்னாலிருந்து கேட்டான். எனக்கு அந்தச் சொல் அன்றைக்கே பிடித்துப்போயிற்று. ஒன்பது வருடம் நான் குடியிருந்தது அதற்குள்தான், இந்தக் கல்லூரியிலும் இல்லை, மகாராஜ நகர் வீட்டிலும் இல்லை.

சரி, சார்பு. ஒவ்வோர் எழுத்தையும் எடுத்துவிட்டு அங்கே ஒரு சொல்லை வைக்க வேண்டும். என் சார்பு சவைத் தொடாது, ச சவாகவே இருக்கும். க இருந்த இடத்தில் ‘க க ச எதிர்-க எதிர்-ச’ என்று ஐந்தெழுத்து. கேள்வி இதுதான், எத்தனையோ வருடமாக ஆட்கள் மண்டையை உடைத்துக்கொள்கிற கேள்வி: இப்படிப் போன பிறகு திரும்பி வர வழி உண்டா. புதுச் சொற்களையும் அவற்றின் எதிர்களையும் எப்படியாவது கோத்து, பழைய கவை ஒற்றையாக மறுபடி எடுத்துவிட முடியுமா. முடிந்தால் அது மேல் சார்பு, குலம் தன்னைத்தானே முழுசாகத் திரும்பப் பெற்றுக்கொண்டது என்று பொருள். என் நான்காம் அதிகாரம் இதன் மேல்தான் உட்கார்ந்திருக்கிறது, ஐந்தாம் அதிகாரம் நான்கின் தோளில். முடியும் என்றுதான் அறுபத்தொன்றாம் பக்கத்தில் எழுதியிருக்கிறேன். எப்படி எழுதினேன்? எண்ணிக்கையைப் பார்த்தேன். கவையும் எதிர்-கவையும் கழித்தால் ஒரு க மிச்சம், சவும் எதிர்-சவும் கழிந்து பூஜ்யம், ஆகக் கணக்கு சரி. இரண்டு வேறு சொற்கள் போய் ஒரே சொல்லாக விழாது என்று காட்டினேன், அதாவது ஒன்றுக்கொன்று. அதனால் மேல். அதனால். அங்கேதான், அந்த அதனாலில்தான்.

மேடம் நூல் என்றாள் மூன்றாவது வரிசைப் பெண். கூடுதல் தாள் கட்ட நூல். எடுத்துக் கொடுத்தேன். அவள் கட்டுவதைப் பார்த்துக்கொண்டே நின்றேன், அவிழாத முடிச்சாகப் போடுகிறாள். நல்லது. நான் திரும்பி நடந்தேன். கடைசியில் இருக்கிற எதிர்-ச ஒரு தொந்தரவும் இல்லை, பின்னால் ஒரு ச போட்டால் போய்விடும். மிச்சம் ‘க க ச எதிர்-க’. இதற்கு ஒரு பெயர் வைப்போம், பூ. பூவும் சவும் கையில் இருக்கின்றன. க வேண்டும். பூவையும் பூவையும் பக்கத்தில் வைத்தால் முதல் பூவின் கடைசி எதிர்-கவும் அடுத்த பூவின் முதல் கவும் மோதிச் சாகும். சரி, ஆளுக்கு ஓர் எழுத்து போயிற்று. அடுத்து? இந்தப் பக்கம் ச நிற்கிறது, அந்தப் பக்கம் க நிற்கிறது. அவை மோதாது. நின்றுவிட்டது. நடுவில் சவைச் செருகினால் அந்த ஓர் எழுத்துகூடச் சாகாது. பூவைத் தலைகீழாகத் திருப்பிய எதிர்-பூ இரண்டைப் பக்கத்தில் போட்டாலும் அதே கதைதான். எப்படிப் போட்டாலும் ஒரு பூவுக்கு முன்னால் ஓர் எழுத்து போகும், பின்னால் ஓர் எழுத்து போகும், நடுவில் இருக்கிற ‘க ச’ என்கிற இரண்டும் சாகவே சாகாது. அப்படியென்றால் ஒரு பூ போட்டால் குறைந்தது இரண்டெழுத்து மிஞ்சும், பத்து பூ போட்டால் இருபது. ஒற்றைக் க, ஒரே ஒரு எழுத்து, எப்படி வரும்? பூவே போடாவிட்டால் வெறும் சசச. வராது. க வராது. கடைசி பெஞ்சுக்கு இரண்டு எட்டு முன்னால் நின்றுவிட்டேன். அங்கே இருந்த பையன் தன்னைத்தான் பார்க்கிறேன் என்று பயந்து கால்சட்டைப் பையிலிருந்து கையை எடுத்தான். பையில் என்ன வைத்திருந்தானோ, நான் கேட்கவில்லை. மணி பத்து ஐம்பது. ஐம்பது நிமிடத்தில் ஒன்பது வருடம் போயிற்று, அதுவும் காகிதம் பென்சில் இல்லாமல். 

இன்னொரு தடவை. இன்னொரு தடவை போட்டுப் பார்த்தேன். பிறகு மூன்றாம் தடவை, ஏதாவது தப்பு கிடைக்காதா என்று. என் கணக்கில் தப்பு கிடைக்க வேண்டும் என்று நான் வேண்டிக்கொண்டது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. பதினோரு எட்டு, பதினோரு எட்டு. ‘க ச’ சாகவில்லை. சரி, அப்போது அந்த அதனால் எங்கிருந்து வந்தது? யார் சொன்னார்கள் எனக்கு, ஒன்றுக்கொன்று என்றால் மேல் என்று? காலியாகக் கிடந்த இருபத்தெட்டாவது இருக்கையைப் பார்த்தேன். இருபத்தெட்டு பேர் வந்து ஆளுக்கொரு இடத்தில் உட்கார்ந்தால் ஓர் இடமும் காலி இருக்காது, உண்மை. பெஞ்சு முடிவில்லாமல் போய்க்கொண்டே இருந்தால்? எல்லோரும் ஓரிடம் தள்ளி உட்காருங்கள் என்றால் யார் மடியிலும் யாரும் உட்கார மாட்டார்கள், முதல் இடம் மட்டும் காலியாகக் கிடக்கும். இது எனக்குத் தெரியாதா? வருடா வருடம் நானே நடத்துகிற பாடம். கட்டற்ற குலத்தில் மேல் என்றால் ஒன்றுக்கொன்று ஆகும், திருப்பிப் போட்டால் ஆகாது. அதுவும் தெரியும். தெரிந்துகொண்டே எப்படி எழுதினேன்? அப்போது நோட்டு கண்ணில் வந்தது. நீல அட்டை போட்ட நீள நோட்டு, இளங்கலை மூன்றாம் வருடம், தமிழ்வழி. ஐயா வேகவேகமாகச் சொல்லுவார், நான் சுருக்கிச் சுருக்கி எழுதுவேன். ஒ.ஒ. என்றால் ஒன்றுக்கொன்று. மே என்றால் மேல். மு.கு. என்றால் முடிவுறு குலம், இத்தனை உறுப்புகள் என்று எண்ணி முடிக்கக்கூடிய குலம். ‘மு.கு. எனில் ஒ.ஒ. ஆனால் மே.’ கட்டம் கட்டி, மஞ்சள் தீட்டி. சரியான வாக்கியம், ஒரு குறையும் இல்லை. பிறகு எட்டு வருடம் கழித்து ஆய்வு நோட்டின் முதல் பக்கம். அங்கேயும் மு.கு. அங்கே அது முடிவுறப் பிறந்த குலம். இரண்டு மூன்று எழுத்துகளிலிருந்து பிறந்து முடிவில்லாமல் போகிற குலம். நான்தான் சுருக்கினேன், வேறு யாரும் இல்லை. இரண்டு மு.கு. ஆங்கிலத்தில் படித்த எவளுக்கும் இந்தத் தப்பு வராது, அவளுக்கு இந்த மு.கு.வே கிடையாது. எனக்கு மட்டுமே வரக்கூடிய தப்பு. சிரிப்பு வந்தது. முதல் வரிசைக்காரி நிமிர்ந்து பார்த்தாள். சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

ஞானதுரை சார் சொன்னார். சேர்ந்த முதல் நாளே சொன்னார். என் நோட்டை வாங்கி இரண்டு பக்கம் புரட்டிவிட்டு, தமிழில் யோசித்தால் தமிழ்நாட்டுக்குள்ளேயே நிற்க வேண்டியதுதான் என்றார். கோபமாகச் சொல்லவில்லை, வானிலை அறிக்கை மாதிரிச் சொன்னார். அந்த ஒரு வாக்கியத்துக்கு எதிராகத்தான் ஒன்பது வருடமும் வேலை செய்தேன் என்று இப்போது தோன்றுகிறது. நோட்டை அவர் கண்ணில் படாமல் பைக்குள் வைத்துக்கொண்டு, வீட்டில் தமிழில் போட்டு, விடியக்காலையில் ஆங்கிலத்தில் மாற்றி எழுதிக்கொண்டு போய்க் கொடுப்பேன். சரி பார்த்து வைக்கிறேன் என்பார். ஒரு தடவைகூட ஓரத்தில் ஒரு கேள்விக்குறி போட்டதில்லை, கமாக்களை மட்டும் திருத்தியிருப்பார். நான் அதைப் பாராட்டு என்று நினைத்துக்கொண்டேன். இப்போது போய் இதைச் சொன்னால் என்ன சொல்லுவார்? பாத்தியா, சொன்னேன்லா. அதைக் கேட்பதற்கு பதிலாக மாடியிலிருந்து இறங்காமலே இருந்துவிடலாம்.

ஆமாம் என்று எழுதிவிட்டால்? ஒன்றுக்கொன்று, எனவே மேல் என்று ஒரு வரி. அவ்வளவு தூரத்தில் இருக்கிறவர், அறிக்கையும் கொடுத்துவிட்டார், மரியாதைக்குக் கேட்ட கேள்வி. வெள்ளிக்கிழமை வாய்மொழித் தேர்வுக்கு வருகிறவர்கள் பொன்னாடையும் பிரியாணியும் பார்ப்பார்கள், அறுபத்தொன்றாம் பக்கத்தைப் பார்க்க மாட்டார்கள். அழைப்பிதழ் அடித்தாயிற்று, என் புகைப்படத்தோடு. வீட்டுக்காரர் ‘முனைவர் இ. இசக்கியம்மாள்’ என்று வாசலுக்குப் பலகையே செய்துவிட்டார், எனக்குத் தெரியாது என்று நினைத்து செய்தித்தாளில் சுற்றிக் கட்டிலுக்கடியில் வைத்திருக்கிறார். தினமும் பெருக்கும்போது விளக்குமாறு அதில் இடிக்கிறது. ஜூன் மாதத்திலிருந்து முனைவர் பட்டம் இல்லாதவர்கள் ஆசிரியர் பட்டியலில் இருக்க மாட்டார்கள் என்று கல்லூரி அறிவித்து ஒரு வருடம் ஆகிறது. இல்லை என்று எழுதினால் இரண்டு அதிகாரம் போகும், திருத்தி மறுபடி கொடுக்கக் குறைந்தது ஆறு மாதம், வேலை போகும். பன்னிரண்டு வருடம் பாடம் நடத்திய வேலை. ஆமாம் என்று எழுதினால் ஒன்றும் போகாது. ஆய்வேடு நூலகத்தில் அலமாரிக்குள் தூங்கும். யாரோ ஒரு பெண், எந்த ஊரோ, என்றைக்கோ எடுத்துப் படித்து, இவர் சொல்லியிருக்கிறார் என்று இதன் மேல் தன் அதிகாரத்தைக் கட்டினால்? அட, யார் எடுக்கப் போகிறார்கள். எடுத்தால்? ‘க ச’ சாகவில்லை. நான் ஆமாம் என்று எழுதினால் மட்டும் அது செத்துவிடுமா.

பன்னிரண்டு நாற்பதுக்கு நூல் வாங்கிய பெண் மறுபடி எழுந்தாள். மேடம், இருவித்திலைத் தண்டு கேட்டிருக்கு, ஒருவித்திலை வரைஞ்சிட்டேன், அடிச்சிட்டேன், தாள் வேணும் என்றாள். ஒரு முழுப் பக்கம், நிழல் கொடுத்து, பாகங்களுக்கெல்லாம் அளவுகோல் வைத்துக் கோடு இழுத்து, அவ்வளவு அழகான படம், குறுக்கே பெரிய பெருக்கல் குறி. எனக்குக் கோபமாக வந்தது. இருபது நிமிடம்தான் இருக்கு, அதை அப்படியே விட்டிருக்கலாம்ல, ஏதாவது மதிப்பெண் போட்டிருப்பாங்க என்று வாய் வரைக்கும் வந்தது. கண்காணிப்பாளர் பேசக் கூடாது என்பது எவ்வளவு நல்ல விதி. தாளைக் கொடுத்தேன். எண்ணைக் குறித்துக் கையெழுத்துப் போடும்போது என் பெயரில் ஓர் எழுத்து விட்டுப்போயிற்று.

ஒரு மணி. இருபத்தேழு விடைத்தாள், எண் வரிசைப்படி அடுக்கி, இரண்டு தடவை எண்ணி, கீழே கொண்டுபோய்க் கொடுத்து, உறையை வாங்கினேன். நிழலுக்காகப் பின்பக்கப் படிக்கட்டுக்குப் போனேன். நானே கூப்பிடலாமா, சாப்பிட்டுவிட்டுக் கூப்பிடலாமா, முதலில் வீட்டுக்காரரிடம் சொல்லலாமா என்று நிற்கும்போதே சார் அழைத்துவிட்டார். அனுப்பிட்டியா என்றார். வணக்கம் சொல்ல மறந்து, நாக்கு தானாகத் தமிழில் போய், சார் அது மேல் இல்ல சார் என்றேன். எது என்றார். அறுபத்தொண்ணு சார், ஒத்தைக் க திரும்ப வராது, எப்படிப் போட்டாலும் ரெண்டெழுத்து மிஞ்சிரும், நாலும் அஞ்சும் போச்சு சார் என்றேன். பாத்தியா, சொன்னேன்லாவுக்காகக் காத்திருந்தேன். கண்ணைக்கூட மூடிக்கொண்டேன் என்று நினைக்கிறேன். அவர் பெருமூச்சு விட்டார். பின்னால் அவர் வீட்டில் குக்கர் விசில் அடித்தது.

“எனக்குத் தெரியும் இசக்கி” என்றார்.

“எப்ப சார்?”

“போன வருசம் முழுசையும் கொண்டாந்து குடுத்தேல்லா, அப்பமே பாத்துட்டேன். பெரிசா எடுத்துக்காத. ஆமான்னு ஒரு வரி போட்டு அனுப்பு, நான் பாத்துக்கிடுதேன்.”

“ஏன் சார் எங்கிட்ட சொல்லல?”

 கெட்ட மனிதர் இல்லை அவர். அன்பாகத்தான் சொன்னார், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

“உனக்கு இது போதும்னு நெனச்சேன்மா.”

இத்தனை வருடம் நான் பயந்தது அவர் திட்டுவதற்கு. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். நல்ல வெயிலில் யாரோ முகத்தில் அறைந்துவிட்டு நடந்து போன மாதிரி இருந்தது. வெள்ளிக்கிழமை வேண்டாம் சார் என்றேன். ஜூன்ல என்ன செய்வ என்றார். தெரியல சார் என்றேன். அதுதான் உண்மை, எனக்குத் தெரியவில்லை, இப்போதும் தெரியவில்லை. அவர் இன்னும் ஏதோ சொல்லிக்கொண்டிருக்கும்போதே வைத்துவிட்டேன், அப்படி நான் வைத்ததே இல்லை. இரண்டு மணிக்கு இன்னும் இருபது நிமிடம் இருந்தது. படியில் உட்கார்ந்து தேர்வாளருக்கு எழுத ஆரம்பித்தேன். இல்லை, அது மேல் சார்பு இல்லை, காரணம் பின்வருமாறு. தமிழில் யோசித்தேன், ஆங்கிலத்தில் தட்டினேன். அவர் கேட்டது ஒரு வரி, எனக்கு நான்கு வரி ஆயிற்று. அழுகையில் திரை சரியாகத் தெரியாமல் மறுபடி மறுபடி துடைத்துக்கொண்டு தட்டினேன். ஒரு தடவை படித்துப் பார்த்தேன். யாரிடமும் காட்டாமல், யாரும் சரி என்று சொல்லாமல், சரி என்று எனக்கே தெரிந்து நான் எழுதிய முதல் நிரூபணம் அது. அனுப்பினேன்.